இட்ட பெயரும் பெற்ற பெயரும்

நூல்களைத் திறனாய்வோர் நம்மிடையே பலர் உளர். ஒரு கவிதையில் சொல் பொருந்தியதா, ஒரு புதினத்தில் பாத்திரம் நின்றதா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் ஓரிரு முறையேனும் இயற்றியே தீரவேண்டிய சிறு படைப்பு ஒன்று உண்டு. அதனை எவரும் திறனாய்வதில்லை. குழந்தைக்கு இடும் பெயரே அப்படைப்பு. ஒரே சொல்லால் ஆனதாயினும், அச்சேறும் நூல்கள் பலவற்றினும் மிகுதியாக அது படிக்கப்படுகிறது. நாள்தோறும் உரக்கவும் சொல்லப்படுகிறது. இயற்றுவோர் பெற்றோர், வாழ்நாள் முழுதும் சுமப்பது குழந்தை.

பாகாலா போன்ற ஊரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படைப்பில் இடர் மிகுதி. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தருமாவரம் சென்ற பழைய மீட்டர் பாதையோடு தமிழும் தெலுங்கும் இங்கே ஒன்றாகப் பயணம் செய்தன. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சான்றிதழில் ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் நம் குழந்தையின் பெயர் வாழவேண்டியிருக்கிறது. ஆதலின், 'புதுமையான பெயராக ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டுவரும் இளம் பெற்றோர்க்கு விடை கூறுமுன், பெயர் என்னும் படைப்பின் இயல்பைச் சற்றே ஆராய்வது நலம்.

சங்கப் புலவரின் அரும்பெயர்கள்

புதுமைப் பெயரை நாடுவோர்க்கு நம் தொகைநூல்களே பெருஞ்சுரங்கம். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார் ஆகிய இவர்களெல்லாம் குறுந்தொகைப் புலவர்கள். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் இருக்கிறார். உலக இலக்கியத்தில் இத்தகைய பெயர்வரிசை வேறெங்கும் உளதா என்று வியக்கத் தோன்றும்.

ஆயினும் இப்பெயர்களைத் தாயோ தந்தையோ தொட்டிலருகே நின்று இட்டிலர். இயற்பெயர் மறைந்துபோன நிலையில், பாட்டில் ஒளிர்ந்த ஒரு தொடரையே எடுத்துத் தொகுத்தோர் புலவர்க்குப் பெயராக்கினர். குப்பைமேட்டில் போரிடும் கோழிகளை உவமையாக்கிக் காதலின் துயரை ஒருவர் பாடினார். அவ்வுவமையின் அருமையால் அவர் குப்பைக் கோழியார் ஆனார். பாடல் முன்னே பிறந்தது. பெயர் பின்னே வந்தது. அதே சொல்லைப் பச்சிளங் குழந்தைக்கு இட்டால் ஏளனமாகும். புலவர்க்கோ அது பட்டம். இவற்றைப் பெற்ற பெயர்கள் எனலாம்.

நாம் வாழும் இவ்வேங்கடச் சாரலுக்கே சங்கநூல்களில் பெயர்ச்செல்வம் உண்டு. அகநானூற்றில் மாமூலனார் பாடும் புல்லி வேங்கடத்துத் தலைவன். புறநானூற்றில் கள்ளில் ஆத்திரையனார் நெஞ்சுருகிப் பாடும் ஆதனுங்கனும் வேங்கடத் தலைவனே. புல்லி என்பது இரண்டே எழுத்தொலி. ஆதனுங்கன் என்பது சற்றே நீண்டது. இரண்டும் எளிதில் வாய்க்குள் அடங்குவன. புலவர் பாடியதால் நின்றனவேயன்றி, அருமை தேடி அமைக்கப்பட்டதால் நின்றன அல்ல.

தாமே சூடியோரும் பிறர்க்குச் சூட்டியோரும்

இருபதாம் நூற்றாண்டில் தமிழர் பெயர்களில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலம் மறைமலை ஆனார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் யாவரும் அறிந்தன. இம்மாற்றத்தால் தமிழகத்தின் வகுப்பறை வருகைப் பதிவேடே புதுமணம் பெற்றது என்பதை மறுப்பார் இலர்.

ஆனால் ஒன்று நோக்கத்தக்கது. இப்பெரியோர்கள் வளர்ந்தபின், அறிந்தே, தம் கொள்கைக்காகத் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டவர்கள். அப்பெயரால் வரும் புகழும் பழியும் அவர்கள் ஏற்றுக்கொண்டவை. குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை. தந்தையின் கொள்கையை மகவு பெயராகச் சுமக்கும்போது, அது கேட்டுவாங்கிய சுமையன்று. 1953 மார்ச் 1-இல் பிறந்த மகனுக்குக் கலைஞர் மு. கருணாநிதி, அதே மாதம் 5-ஆம் நாள் மறைந்த சோவியத் தலைவர் ஸ்டாலினின் பெயரை இட்டார். அம்மகன் அரசியலில் வளர்ந்து 2021-இல் முதலமைச்சரானதால் அப்பெயர் இன்று தமிழ்ப் பெயர்போலவே ஒலிக்கிறது. சுமந்தவர் உழைப்பால் இட்ட பெயரும் பெற்ற பெயராயிற்று. எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வாய்ப்பு அமையும் என்று எண்ணிப் பெயரிடுதல் தகாது.

வேங்கடம் கடந்த சொற்கள்

இனி நம் ஊர்க்கு வருவோம். தமிழ்நாட்டில் பிழையற்ற பெயர் வேங்கடத்தைத் தாண்டியதும் வேறு பொருள் தருவதுண்டு. வெற்றி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வெற்றிச்செல்வன் என்பதில் வீரமும் செல்வமும் விளங்குகின்றன. ஆனால் அதன் றகரங்களை எழுத்துக்கு எழுத்தாகத் தெலுங்கில் பெயர்த்தால் 'வெர்ரி' என்றாகும். தெலுங்கில் அதற்குப் பித்து என்பது பொருள். நம் 'வெறி' என்னும் சொல்லுக்கு அது உடன்பிறப்பு. வெற்றிச்செல்வன் பித்துச்செல்வன் ஆகிவிடுகிறான்.

மலர்க்கொடி, பூங்கொடி என்பன இனிய பெயர்கள். ஆங்கில எழுத்து குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டாது. அதனைப் பார்த்துப் படிக்கும் தெலுங்கர் 'கோடி' என்று நீட்டினால், அவர் மொழியில் அது கோழி. கயல்விழி என்னும் பெயரின் முதற்பாதி 'காயல்' என்று நீளுமாயின், காய்களைக் குறிக்கும் 'காயலு' அவர் நினைவுக்கு வரும். சிறுவர் கூட்டத்தில் இத்தகைய பொருள் ஒருநாள் வெளிப்பட்டால் போதும். பள்ளிப் பருவம் முடியும்வரை அது பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். குப்பைக் கோழியார்க்குக் காப்பாக ஒரு பாட்டு இருந்தது; ஏழு வயது மலர்க்கொடிக்கு அத்தகைய காப்பு ஏது?

அடுத்து, நம் உயிரெழுத்தென நாம் போற்றும் ழகரம். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் இவ்வொலிக்குத் தனியெழுத்து இருந்தது. காலப்போக்கில் அது வழக்கிறந்தது. சில சொற்களில் டகரமாகவும் திரிந்தது. நம் ஏழு அவர்க்கு 'ஏடு'. நம் கோழி அவர்க்குக் 'கோடி'. நம் சோழர் அவர் எழுத்தில் 'சோளர்'. ஆகவே எழிலரசி என்னும் பெயர் தெலுங்கில் 'எளிலரசி' ஆகும். ஆங்கில எழுத்து வழியாகச் சென்றால் 'எஜிலரசி' ஆகும். இரண்டிலும் எழில் இல்லை.

நம் இல்லத்துப் பிழை

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பிறர் விண்ணப்பங்களில் பெயர்ப்பிழை காண்பதையே தொழிலாகக் கொண்டவர் நாம். நம் மகளின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு விவரம் கேட்டபோது, பிறப்புச் சான்றில் ஒரு வகையாகவும், ஆதாரில் ஒரு வகையாகவும், பள்ளிப் பதிவேட்டில் மற்றொரு வகையாகவும் அவள் பெயர் இருந்தது. ஒன்றில் ழகரத்திற்கு இசட்டும் எச்சும். ஒன்றில் தனி எல். இன்னொன்றில் ஏகாரம் இரட்டித்து எல்.

தெலுங்கு எழுத்தர்களைக் கடிந்துகொண்டே நாம் பழைய படிவங்களின் நகல்களை எடுத்துப் பார்த்தோம். மூன்றும் நம் கையெழுத்து! ஒவ்வொரு முறையும், 'இப்படி எழுதினால் இவர்கள் சரியாகச் சொல்வார்கள்' என்று எண்ணி, நாமே புதிதாக ஓர் எழுத்துக்கூட்டலை அமைத்திருந்தோம். மனம் நொந்து, 'எளிதாக வேறு பெயர் மாற்றிவிடலாமா?' என்று மகளைக் கேட்டோம். அவள் சொன்னாள்: "பேரு நல்லாத்தான் இருக்கு நாயனா. நீங்க ஒரே மாதிரி எழுதியிருந்தா போதும்." சித்தூர்த் தமிழ்க் குழந்தைகள் பலரைப் போல 'நாயனா' என்று அவள் தெலுங்கில் விளித்ததையும், பெயரிலிருந்த ழகரத்தைப் பிழையின்றிச் சொன்னதையும் நாம் ஒருங்கே கேட்டோம். பிழை பெயரிலும் இல்லை, அயல்மொழியிலும் இல்லை. பெயரிட்டபின் அதனைப் பேணாத நம் கையில் இருந்தது.

படிவம் என்னும் புதிய உரையாசிரியர்

இக்காலத்தில் பெயருக்கு உரை எழுதுவது படிவமே. தெலுங்கர்க்கு 'இண்டிபேரு' என்னும் வீட்டுப் பெயர் முதலில் வரும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் தந்தை பெயரை விரித்து எழுதுகிறோம். முடிவில் அலுவலகத்தார் மகனைத் தந்தை பெயரால் அழைக்கின்றனர். தேடித் தேடி இட்ட அரும்பெயர் இரண்டாம் இடத்தில் ஒளிந்துகொள்கிறது.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. பெயரின்றியும் பிறப்பைப் பதியலாம்; ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம் என்பது விதி. ஆதலின் மருத்துவமனையை விட்டு வெளிவருமுன் விரைந்து பெயர் முடிக்கவேண்டுவதில்லை. ஆனால் ஒருமுறை எழுதியபின் கவனம் வேண்டும். 2023-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப்பணி முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் ஆதாரமாகும். அன்று தவறிய ஓர் எழுத்து, வாழ்நாள் முழுதும் பின்தொடர வல்லது.

பொருளறியாப் புதுமை

இன்னொரு வகைப் புதுமையும் பரவி வருகிறது. 'ஷ்' என்றும் 'க்ஷ்' என்றும் ஒலித்தால் போதும், பொருள் வேண்டா என்பது அதன் இலக்கணம். எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்துகளை இரட்டிப்பதும் இதில் அடங்கும். அனாமிகா என்று ஆசையோடு இடுவோர் உண்டு. அதற்குப் 'பெயரில்லாதவள்' என்பது பொருள். பெயரே இல்லை என்று ஒரு பெயர்! அஸ்மிதா என்பதற்குத் தன்மதிப்பு, அடையாளம் என்று இக்காலத்தில் பொருள் கொள்கின்றனர். பதஞ்சலியின் யோக நூலிலோ அது மனிதனைத் துன்புறுத்தும் ஐந்து மாசுகளில் ஒன்றாகிய அகந்தை. வடசொல்லாயினும் தென்சொல்லாயினும், பொருளை ஓர் அகராதியில் பார்த்துவிட்டு இடுதல் குற்றமன்று.

இப்பிணி நமக்கு மட்டும் உரியதன்று. 1993-இல் ஜப்பானில் ஒரு தந்தை தம் மகனுக்கு 'அகுமா', அதாவது சாத்தான், என்று பெயரிட முயன்று நகராட்சியின் மறுப்புக்கு ஆளானார். 2008-இல் நியூசிலாந்தில் 'ஹவாயிலிருந்து வந்து ஹுலா ஆடும் தலூலா' என்னும் பொருளில் முழு வாக்கியமே பெயராகப் பெற்ற ஒன்பது வயதுச் சிறுமியை, அப்பெயரை மாற்றும்பொருட்டு நீதிமன்றமே தன் காப்பில் எடுத்துக்கொண்டது. பெற்றோரின் வேடிக்கை குழந்தைக்கு வேதனையாதல் எந்நாட்டிலும் உண்டு.

அன்பால் இட்டதும் வெறுப்பால் இட்டதும்

குப்பன், குப்பம்மாள், பிச்சை என்னும் பழைய பெயர்களைக் கேட்டு இன்று நகைக்கிறோம். முன்பிறந்த குழந்தைகள் இறந்துபட, அடுத்த குழந்தையையேனும் கூற்றுவன் கண்ணிலிருந்து மறைக்கவேண்டிக் குப்பையில் கிடத்தி எடுத்து இட்ட பெயர் குப்பன். தெலுங்கிலும் இவ்வழக்கம் உண்டு. குப்பைமேட்டைக் குறிக்கும் 'பெண்ட' என்னும் சொல்லிலிருந்து பெண்டய்யா, பெண்டம்மா என்ற பெயர்கள் வந்தன. ஒலியில் இழிவாயினும் உள்ளே தாயின் அச்சமும் அன்பும் இருக்கின்றன. இவற்றை இழிந்த பெயர்கள் என்று நாம் தள்ளோம்.

தள்ளவேண்டிய பெயர் வேறொன்று. 1960 வரை நம் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணிப் பக்கத்துச் சிற்றூர்களில், பெண்மகவு அடுத்தடுத்துப் பிறந்தால் 'வேண்டாம்' என்றே பெயரிடும் வழக்கத்தை 2019-இல் நாளிதழ்கள் எடுத்துக்காட்டின. அடுத்ததேனும் ஆணாகட்டும் என்பது அப்பெயரின் வேண்டுதலாம். மராட்டியத்தில் 'நகூசா' என்று இதே பொருளில் பெயர்பெற்ற 285 சிறுமியர்க்கு 2011 அக்டோபரில் சாத்தாராவில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். அழைக்கும் ஒவ்வொரு முறையும் 'நீ வேண்டாதவள்' என்று நினைவூட்டும் பெயரைப் போலக் கொடிய படைப்பு வேறு எம்மொழியிலும் இருத்தல் அரிது. 'வேண்டாம்' என்று பெயர்பெற்ற பெண்ணொருத்தி பொறியியல் பயின்று வெளிநாட்டு நிறுவனத்தில் பணிபெற்றாள் என்னும் செய்தியும் அதே ஆண்டில் வந்தது. அது அவள் பெருமை, பெயரிட்டவர் பெருமையன்று.

புதுமைப் பெயர் தேடும் நாம் இவ்வழக்கத்தை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பெயரில் அருமை இருக்கிறதா என்பது பின்னர் வரும் வினா. குழந்தையை நோக்கி இட்டோமா, நம் ஆசையையோ வெறுப்பையோ கொள்கையையோ நோக்கி இட்டோமா என்பதே முதல் வினா.

எல்லை கடந்தும் வாழும் பெயர்கள்

மொழியெல்லையைக் கடந்தும் பொலிவு குன்றாத பெயர்கள் நம் கண்முன்னேயே உள. நம்மாழ்வார் திருவாய்மொழியில் வரும் அலர்மேல்மங்கை, திருச்சானூரில் அலமேலுமங்கையாகித் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளில் வாழ்கிறாள். நம் பாட்டியரின் அலமேலு என்னும் பெயர் அதன் சுருக்கமே. திருவில்லிபுத்தூர்க் கோதை வடமொழியிலும் தெலுங்கிலும் கோதா ஆனாள். அவள் கதையைப் பாட வந்த கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்த மால்யதா' என்னும் தெலுங்குப் பெருங்காப்பியத்தையே இயற்றினார். நாம் ஏழுமலை என்றால் தெலுங்கர் ஏடுகொண்டலு என்கின்றனர். இருவரும் ஒரே மலையைத்தான் தம் மகனுக்குப் பெயராக்குகின்றனர்.

இவற்றின் சிறப்பு யாது? சுருக்கம் உண்டு, பொருள் உண்டு, அயலவர் நாவில் சற்றே உருமாறினும் பொருள் கெடாத வலிமை உண்டு. புதுமை மட்டும் இல்லை. அது இல்லாமையால் அவற்றிற்கு ஒரு குறையும் நேர்ந்திலது.

இதனால் ழகரப் பெயர்களையோ புதுப்பெயர்களையோ விலக்குக என்பது நம் கருத்தன்று. பிறமொழி நிலத்தில் வளரும் குழந்தைக்குத் தமிழோடு மிஞ்சும் உறவு, பல வேளைகளில், அதன் பெயர் ஒன்றே. அதனை அயலார் வசதிக்காகக் கைவிடுதல் பேரிழப்பு. பெற்றோர் செய்யவேண்டுவன சிலவே. எண்ணிய பெயரை வாசலில் நின்று நான்கு முறை உரக்க அழைத்துப் பார்க்கவேண்டும். அண்டைவீட்டுத் தெலுங்கு அம்மையாரைச் சொல்லச் செய்து, அவர் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று நோக்கவேண்டும். பொருளை அகராதியில் காணவேண்டும். மூன்று எழுத்துமுறையிலும் எவ்வாறு எழுதுவது என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் பேழையில் வைத்து, எந்தப் படிவத்திலும் அதினின்றும் ஓர் எழுத்தும் பிறழாது எழுதவேண்டும். குழந்தை பேசத் தொடங்கியதும் தன் பெயரின் பொருளைத் தானே சொல்லுமாறு பயிற்றவேண்டும். பொருள் தெரிந்த குழந்தை ஏளனத்திற்கு அஞ்சாது.

செம்புலப்பெயனீரார்க்கு அவர் தாய் இட்ட பெயர் என்ன என்பதை இன்று யாரும் அறியார். அவ்வன்னையும் ஏதோ ஒரு பெயரை அன்போடு அழைத்திருப்பாள். அது மறைந்தது, மகன் தானே பெற்ற பெயர் நின்றது. நம் மக்களும் தாம் பெறவேண்டிய பெயரைத் தம் வாழ்வால் பெற்றுக்கொள்வர். அதுவரை அவர்கள் கூச்சமின்றிச் சுமக்கத்தக்க ஒரு பெயரைத் தருவதே நம் கடன். இம்மலரை ஏந்தும் இல்லங்களில் இனிப் பிறக்கும் மகவுகள் அத்தகைய பெயர் பெற்று நீடு வாழ்க!